முப்பது வருடப் பழைய கொலை வழக்கை மறுபடி பேச வைப்பது எப்படி?

கொலை நடந்து இருபது, முப்பது வருடம் ஆகிவிட்டது. யார் செய்தார்கள் என்று தெரியாமலே கோப்பைக் கட்டி வைத்துவிட்டார்கள். இப்போது வீட்டில் யாரோ ஒருவர், பெரும்பாலும் அன்று சிறு பிள்ளையாக இருந்தவர், 'இதை இப்படியே விடக்கூடாது' என்று கிளம்புகிறார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அப்படிப்பட்டவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். இந்தியச் சட்டத்தையும், குறிப்பாகத் தமிழ்நாட்டு நடைமுறையையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

கிளம்புகிறவர்கள் வழக்கமாக முதலில் செய்வது, இறந்தவரின் ஃபோட்டோவைப் போட்டு 'நீதி வேண்டும்' என்று ஒரு பதிவு. தெரிந்தவர்கள் எல்லோரும் பகிர்வார்கள். அந்த வாரமே அது கீழே போய்விடும். அடுத்த முறை போடும்போது பாதிப் பேர்கூடப் பார்க்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், பழைய வழக்கை ஊரே பார்க்கத் தேவையில்லை. இரண்டே பேர் பார்க்க வேண்டும். அன்று எதையோ பார்த்துவிட்டு, அல்லது கேட்டுவிட்டு, பயத்தில் வாயை மூடிக்கொண்ட ஒருவர். அந்தக் கோப்பைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர். செய்தி, போஸ்டர், வீடியோ எதுவானாலும் இந்த இருவரில் யாரிடம் போய்ச் சேரும் என்று கேட்டுப் பாருங்கள். யாரிடமும் சேராது என்றால் அந்த நேரத்தை வேறு வேலைக்குச் செலவிடலாம்.

ஒரு சந்தேகத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். 'இத்தனை வருஷம் கழிச்சு கேஸ் நிக்குமா?' என்று எல்லோரும் கேட்பார்கள். மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான் காலவரம்பு உண்டு. கொலைக்குக் கிடையாது. மூடிய வழக்கிலும் போலீஸ் மேல்விசாரணை செய்ய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173(8) இடம் தந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அதே வழி இருக்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் மனு போடுவது என்பதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

அபயா வழக்கைக் கொஞ்சம் பாருங்கள்

கேரளத்தில் கோட்டயத்தில், 1992 மார்ச் 27 அன்று, பத்தாம் பயஸ் கான்வென்ட் கிணற்றில் கன்னியாஸ்திரி அபயாவின் உடல் கிடைத்தது. உள்ளூர் போலீஸும் பிறகு குற்றப்பிரிவும் தற்கொலை என்றார்கள். ஜோமோன் புத்தன்புரக்கல் என்பவர் முன்னின்று ஒரு நடவடிக்கைக் குழு அமைத்தார். 1993-ல் வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. அதை முடித்துவிடலாம் என்று சி.பி.ஐ. மூன்று முறை அறிக்கை கொடுத்தது. மூன்று முறையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2008-ல் கைது. 2020 டிசம்பரில் ஒரு பாதிரியாருக்கும் ஒரு கன்னியாஸ்திரிக்கும் ஆயுள் தண்டனை. 2022-ல் கேரள உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டுக் காலத்துக்குத் தண்டனையை நிறுத்தி ஜாமீன் கொடுத்தது. அதாவது, தீர்ப்பு வந்தாலும் எல்லாம் முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, விசாரணை நீதிமன்றம் முக்கியமாக நம்பிய சாட்சி ஒரு திருடர். அன்று அதிகாலை இடிதாங்கியில் இருந்த செம்பைத் திருட ஏறியபோது பார்த்ததைச் சொன்னவர். மரியாதைப்பட்ட சாட்சிகள் சிலர் பிறழ்ந்தார்கள், இவர் மாறவில்லை. இரண்டாவது, அந்தக் குழு கூட்டம் போட்டதோடு நிற்காமல் ஒவ்வொரு கட்டத்திலும் நீதிமன்றப் படியேறியது. ஒவ்வொரு மனுவும் ஒரு செய்தி ஆனது. ஒவ்வொரு செய்தியும் அடுத்த மனுவுக்கு வழிவிட்டது. இருபத்தெட்டு வருடம் வண்டி ஓடியது இப்படித்தான்.

முதலில் காகிதம்

குற்ற எண், வருடம், காவல் நிலையம். இந்த மூன்றும் இல்லாமல் எங்கே போனாலும் 'அப்புறம் வாங்க' என்பார்கள். வீட்டில் எஃப்.ஐ.ஆர். நகல் இருக்கிறதா என்று பழைய டிரங்குப் பெட்டி, பீரோ, எல்.ஐ.சி. கோப்பு எல்லாவற்றிலும் தேடுங்கள். காப்பீட்டுப் பணமோ வாரிசுச் சான்றிதழோ வாங்கியிருந்தால் எஃப்.ஐ.ஆரும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் அந்தக் கோப்பிலேயே இணைந்திருக்க வாய்ப்பு அதிகம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை.

வீட்டில் இல்லையென்றால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் வக்கீல் மூலம் நகல் மனு போடுங்கள். எஃப்.ஐ.ஆர்., பிரேத விசாரணை அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் அறிக்கை, கைப்பற்றிய பொருட்களின் பட்டியல், விசாரணையை முடித்துப் போலீஸ் கொடுத்த இறுதி அறிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். காவல் நிலையங்கள் பிரிந்து எல்லை மாறியிருக்கலாம், மாவட்டமே பிரிந்திருக்கலாம். அன்றைய நிலையம் இன்று எந்த நீதிமன்றத்தின் கீழ் வருகிறது என்று முதலில் விசாரித்துக்கொண்டால் அலைச்சல் குறையும்.

பழைய பத்திரிகைகளையும் விடாதீர்கள். கொலை நடந்த மறுநாளும் அடுத்த வாரமும் வந்த தினத்தந்தி, மாலை முரசு செய்திகளில், எஃப்.ஐ.ஆரில் இல்லாத பெயர்களும் தகவல்களும் கிடைக்கும். யார் முதலில் பார்த்தார், மோப்ப நாய் எதுவரை ஓடியது, எந்த அதிகாரி வந்தார் என்பதெல்லாம் இருக்கும். சென்னை கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்த் தொகுப்புகள் உண்டு. உங்கள் மாவட்டப் பதிப்பில்தான் விரிவாக வந்திருக்கும் என்பதால் மாவட்ட நூலகத்திலும், பத்திரிகையின் உள்ளூர் அலுவலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

கிடைத்ததை வைத்து ஒரு நாள்-வாரிக் குறிப்பு எழுதுங்கள். காகிதத்தில் இருப்பது, குடும்பம் சொல்வது, ஊர் பேசுவது என்று மூன்றையும் தனித்தனியே பிரித்து எழுதுங்கள். முப்பது வருடம் திரும்பத் திரும்பச் சொன்ன கதையில் இந்த மூன்றும் ஒன்றாய்க் கலந்து போயிருக்கும். பிரித்து எழுத உட்காரும்போதுதான், நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்ததில் பாதி ஊர்ப் பேச்சு என்பது தெரியவரும்.

தகவல் உரிமை மனு: இருபது வருடக் கணக்கு

போலீஸிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேட்டால், விசாரணை பாதிக்கும் என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பது வழக்கம். ஆனால் அதே சட்டத்தில் 8(3) என்று ஒரு பிரிவு இருக்கிறது. மனு போடும் நாளுக்கு இருபது வருடம் முன்பு நடந்த சம்பவம் பற்றிய தகவலைக் கொடுத்தாக வேண்டும் என்கிறது அது. நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவை ஆவணங்கள் என்ற மூன்று விலக்குகளைத்தான் அதற்குப் பிறகும் காட்ட முடியும். விசாரணை பாதிக்கும் என்ற காரணம் அந்த மூன்றில் இல்லை. பழைய வழக்குக்காரர்களுக்கு இவ்வளவு உதவும் பிரிவு வேறில்லை. ஆனாலும் இதைக் குறிப்பிட்டு வரும் மனுக்கள் குறைவு. வழக்கு சி.பி.ஐ.யிடம் இருந்தால் மட்டும் கதை வேறு. 2011 முதல் சி.பி.ஐ.க்கு இந்தச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது.

மனு மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு. பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 'ஏன் கண்டுபிடிக்கவில்லை?' என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமை இல்லை என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள். இப்படி:

"மேற்படி குற்ற எண் வழக்கில் இறுதி அறிக்கை எந்தத் தேதியில், எந்த நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது? அதன் நகல் வேண்டும். புகார்தாரருக்கு அது குறித்து அறிவிப்பு சார்வு செய்யப்பட்டதா? சார்வு செய்த ஒப்புகையின் நகல் வேண்டும். வழக்கில் கைப்பற்றப்பட்ட பொருட்கள் தற்போது எங்கே உள்ளன? அழிக்கப்பட்டிருந்தால் அழிப்பு உத்தரவின் நகல் வேண்டும். சம்பவ இடத்தில் எடுக்கப்பட்ட விரல்ரேகைகள் உள்ளனவா? அவை தேசிய தானியங்கி விரல்ரேகை முறையில் ஒப்பிடப்பட்டனவா? ஆம் எனில் தேதி. இந்தச் சம்பவம் இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்பதால் பிரிவு 8(3)-ன் கீழ் தகவல் கோரப்படுகிறது."

அறிவிப்பு சார்வு, அதாவது அதை உரியவர் கையில் சேர்ப்பது, பற்றிய கேள்விக்குக் காரணம் உண்டு. புகார் கொடுத்தவருக்குத் தெரிவித்து, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் நடுவர் வழக்கை முடித்துவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பு வரவே இல்லை என்றால், பின்னால் நீதிமன்றத்தில் பேச அதுவே நல்ல பிடி. விரல்ரேகைக் கேள்விக்கும் காரணம் உண்டு. நாடு முழுவதும் உள்ள குற்றவாளிகளின் ரேகைகளை ஒரே இடத்தில் தேடும் வசதி 2022-ல்தான் வந்தது. அன்று மாவட்டத்துக்குள் பொருந்தாத ரேகை இன்று வேறு மாநிலத்தில் பிடிபட்டவரோடு பொருந்தலாம்.

பொருட்களைப் பற்றிய கேள்வியைத் தள்ளிப் போடாதீர்கள். ரத்தக்கறை பட்ட துணி ஈரமில்லாமல் காய்ந்து பத்திரமாக இருந்தால் பல வருடம் கழித்தும் டி.என்.ஏ. எடுக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இடம் அடைக்கிறது என்று நீதிமன்றச் சொத்து அறைகளை அவ்வப்போது காலி செய்வார்கள். அபயா வழக்கில் அவருடைய உடைகள், டைரி போன்றவை ஆரம்பத்திலேயே அழிக்கப்பட்டுவிட்டன. பொருள் இன்னும் இருக்கிறது என்று பதில் வந்தால், அதை அழிக்க வேண்டாம் என்று அந்த வாரமே நீதிமன்றத்தில் ஒரு மனு கொடுத்து வையுங்கள். வேறு எதுவும் செய்ய முடியாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

முப்பது நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் திருப்தி இல்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தபால் ஒப்புகைகளை எல்லாம் ஒரே கோப்பில் குத்தி வையுங்கள்.

வீட்டுக்குள் ஒரு பேச்சு

வெளியே பேசும் முன் வீட்டுக்குள் பேசியாக வேண்டும். சிலருக்கு மறக்க ஆசை இருக்கும். சிலருக்குப் பிள்ளைகளின் கல்யாணம் கெட்டுவிடுமோ என்ற கவலை. இறந்தவரின் அம்மா உயிரோடு இருந்தால், காலையில் பேப்பரைப் பிரித்துத் தானாகத் தெரிந்துகொள்ளும்படி அவரை விட்டுவிடாதீர்கள். முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லுங்கள். நிருபர்களிடம் பேச ஒருவர், மனுக்களில் கையெழுத்திட ஒருவர் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். சித்தப்பா ஒன்று சொல்லி மாமா வேறொன்று சொன்னால், பிற்பாடு எதிர்த்தரப்பு வக்கீல் அந்த முரணைத்தான் எடுத்துக் காட்டுவார்.

பாலியல் வன்முறையும் சேர்ந்த வழக்கு என்றால் நில்லுங்கள். இறந்தவராக இருந்தாலும் அவர் பெயரையோ படத்தையோ வெளியிடக் கூடாது. குடும்பமே சம்மதித்தாலும் போதாது, செஷன்ஸ் நீதிபதிதான் முடிவு செய்ய வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை மீறினால் வழக்கு உங்கள் மேலேயே வரும்.

நிருபரிடம் போகும்போது

தாலுகா நிருபரைப் பிடியுங்கள். சென்னையில் இருக்கும் பெரிய தலைகள் அப்புறம். உள்ளூர் நிருபருக்குப் பழைய எஸ்.ஐ. யார், ஓய்வுபெற்ற ஏட்டு எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது தெரியும். பதிப்புக்குச் செய்தி அனுப்பும் அவசரத்தில் இருக்கும் சாயங்கால வேளையில் கூப்பிடாதீர்கள். காலையில் டீக்கடைப் பக்கம் பார்த்துப் பேசலாம்.

அவர் கேட்கப்போகும் ஒரே கேள்வி: 'புதுசா என்னங்க இருக்கு?' இதற்குப் பதில் இல்லாமல் போனால், ஆயிரம் சோகம் இருந்தாலும் ஆசிரியர் குழுவில் நிற்காது. காகித வேலையை முதலில் செய்யச் சொன்னது இதற்காகத்தான். 'ரத்தக்கறைச் சட்டை இன்னும் நீதிமன்றத்தில் இருப்பதாக ஆர்.டி.ஐ. பதில்' என்பது செய்தி. 'மேல்விசாரணை கோரி எஸ்.பி.யிடம் மனு' என்பதும் செய்தி. நினைவு நாளன்று அஞ்சலி என்பது பாதிச் செய்தி. அன்றே ஒரு மனுவும் கொடுத்தால் முழுச் செய்தி. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாமல் ஒவ்வொன்றாகக் கொடுங்கள்.

கையில் ஒரு பக்கக் குறிப்பு இருக்கட்டும். குற்ற எண், தேதி, இடம், என்ன நடந்தது என்று ஆறேழு வரி, இப்போது என்ன கேட்கிறீர்கள் என்று ஒரு வரி. கூடவே இறந்தவரின் ஒரு நல்ல படம். பிணவறைப் படமோ ரேஷன் கார்டில் இருந்து வெட்டிய படமோ வேண்டாம். அவர் சைக்கிளில் உட்கார்ந்திருப்பது, பள்ளி ஆண்டுவிழாவில் நிற்பது மாதிரி ஒன்று. அன்றைய நாளில் ஊர்க்காரர்கள் அவரை எப்படிப் பார்த்தார்களோ அப்படியே இருந்தால்தான் பழைய நினைவு கிளம்பும். அன்று என்ன உடை, என்ன வண்டி, எந்தப் பேருந்து, ஊரில் அன்று திருவிழாவா, தேர்தலா, மழையா என்பதையும் எழுதுங்கள். 'மாசித் திருவிழா முடிஞ்ச மறுநாள்' என்றால்தான் ஒரு பாட்டிக்கு எதையாவது எடுத்துக் கொடுக்கும். தேதி சொன்னால் கொடுக்காது.

யூட்யூப் கிரைம் சேனல்கள் தாமாகவே தேடி வரும். எண்ணிக்கை கிடைக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பின்னணி இசையோடு, 'அந்த இரவில் நடந்தது என்ன' என்று நடந்திராததையும் சேர்த்துக் கதை கட்டுகிறவர்கள் உண்டு. அந்தக் கற்பனைக் காட்சி சாட்சியின் நினைவோடு கலந்துவிட்டால் அவர் சாட்சியம் பாழ். கொடுப்பதானால் ஒரு பக்கக் குறிப்பை மட்டும் கொடுங்கள். போலீஸுக்கும் கொன்றவனுக்கும் மட்டுமே தெரிந்த விவரம் ஏதாவது உங்களிடம் இருந்தால் அதை யாருக்கும் சொல்லாதீர்கள். நாளை ஒருவர் வந்து 'எனக்குத் தெரியும்' என்றால், உண்மையா என்று போலீஸ் சோதிக்க அது ஒன்றுதான் இருக்கும்.

சந்தேகப்படும் ஆளின் பெயரை எங்கும் சொல்லாதீர்கள். 'அந்தப் பெரிய மனுஷன்', 'மேலத்தெருக்காரர்' என்று ஜாடையாகவும் கூடாது. அவதூறு வழக்கு வரும் என்பது ஒரு பக்கம். நீங்கள் நினைக்கும் ஆள் இல்லாமலும் போகலாம் என்பது அதைவிடப் பெரிய பக்கம். பெயரைப் போலீஸுக்கு எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள், அதோடு விடுங்கள்.

ஊரை விட்டுப் போன சாட்சி

அன்று பதினெட்டு வயதில் கடை வாசலில் நின்றிருந்தவர் இன்று திருப்பூரிலோ துபாயிலோ இருப்பார். பயப்பட வைத்த ஆள் செத்திருக்கலாம். அன்றைய நட்பு பகையாகியிருக்கலாம். கணவனைக் காப்பாற்றப் பொய் சொன்னவர் இன்று பிரிந்து வாழலாம். இப்படி உறவுகள் மாறிப்போவதுதான் பழைய வழக்கில் உங்களுக்கு இருக்கும் பலம். யாழ்ப்பாணத்தில் பிபிசிக்குச் செய்தி அனுப்பிவந்த மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபரில் தன் வீட்டில் கொல்லப்பட்டார். சக பத்திரிகையாளர்கள் அவரை மறக்கவிடாமல் நினைவுகூர்ந்து வந்தார்கள். 2022-ல் லண்டன் பெருநகரப் போலீஸ் இங்கிலாந்தில் ஒருவரைக் கைது செய்து விசாரித்தது. தகவல் தெரிந்தவர்கள் முன்வர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. கொலை நடந்த ஊரில் இல்லாத சாட்சி கடல் கடந்து இருக்கலாம். ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுக்கள், வெளிநாட்டுத் தமிழ் வானொலிகள் இவற்றுக்கும் அந்த ஒரு பக்கத்தை அனுப்புங்கள்.

யாராவது கூப்பிட்டால் கேளுங்கள், விசாரிக்காதீர்கள். 'அவனைத்தானே பார்த்தீங்க?' என்று நீங்கள் பெயரை எடுத்துக் கொடுத்தால் அந்தச் சாட்சியம் அங்கேயே செத்தது. சந்தேக நபரின் ஃபோட்டோவைக் காட்டாதீர்கள், பணம் பேசாதீர்கள். நேரம், தேதி, சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் சேர்ப்பியுங்கள். சாட்சி பயந்தால், நடுவர் முன் வாக்குமூலம் கொடுக்க வழி இருப்பதையும், சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018 முதல் நாடு முழுக்க நடைமுறையில் இருப்பதையும் சொல்லுங்கள்.

சன்மானம் அறிவிக்கலாமா என்று கேட்பார்கள். போலீஸ் மூலமாக என்றால் சரி. நீங்களாக அறிவித்தால் மோசடிக்காரர்கள்தான் முதலில் வருவார்கள். பணம் மட்டும் வேலை செய்வதில்லை என்பதற்கு 2012 மார்ச்சில் நடந்த திருச்சி ராமஜெயம் கொலை இருக்கிறது. அன்று முன்னாள் அமைச்சராக இருந்த கே.என்.நேருவின் தம்பி. மாநிலப் போலீஸின் சி.பி.சி.ஐ.டி., பிறகு சி.பி.ஐ., சிறப்புப் புலனாய்வுக் குழு என்று வழக்கு கை மாறியது. ஐம்பது லட்சம் சன்மானமும் அறிவித்தார்கள். அப்படியும் பத்து வருடத்துக்கு மேல் துப்புத் துலங்காமலே ஓடியது.

அதிகாரம் உள்ளவரிடம்

எஸ்.பி. அலுவலக மனு நாளில் நேரில் போய்க் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். 'நீதி வேண்டும்' என்று எழுதாமல், செய்யக்கூடிய இரண்டு மூன்றைக் கேளுங்கள்: ரேகையை ஒப்பிடுங்கள், சட்டையைத் தடய அறிவியல் துறைக்கு அனுப்புங்கள், இன்னாரை விசாரியுங்கள். இப்படிக் கேட்டால் அதிகாரிக்கும் உத்தரவு போட எளிது. அசையவில்லை என்றால் அந்த முத்திரை போட்ட நகல்தான் உயர் நீதிமன்றத்தில், சென்னையோ மதுரைக் கிளையோ, உங்கள் மனுவின் முதல் ஆவணம். சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றக் கேட்கலாம். எடுத்த எடுப்பில் சி.பி.ஐ. என்று கேட்க வேண்டாம். மாவட்டப் போலீஸ் எங்கே தவறியது என்று காட்டினால்தான் அது எடுபடும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். மனுதாரர் பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.

கோப்பு திறந்துவிட்டால் பேச்சைக் குறையுங்கள். புது அதிகாரி நாள்-வாரிக் குறிப்பையும் வந்த தகவல்களின் நோட்டையும் கேட்பார். நகல் கொடுங்கள், மூலத்தை உங்களிடமே வையுங்கள். டி.என்.ஏ. ஒப்பீட்டுக்கு உறவினர் ரத்தம் கேட்டால் யார் கொடுப்பது என்பதை முன்பே பேசி வையுங்கள்.

அப்புறம், மனுதாரர் யார் என்பது. அபயாவின் அப்பாவும் அம்மாவும் தீர்ப்புக்கு நான்கு வருடம் முன்பே, 2016-ல், அடுத்தடுத்து இறந்துபோனார்கள். எழுபது வயது அப்பா பெயரில் மட்டும் மனு போட்டால் பாதியில் நிற்கும். முதல் மனுவிலேயே அவர் பெயருக்குக் கீழே இரண்டாவது மனுதாரராக, முப்பது வயதைத் தாண்டாத ஒரு பேரனையோ பேத்தியையோ சேர்த்துவிடுங்கள். கோப்பு எங்கே இருக்கிறது, எந்தக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்பதை அவருக்கு இப்போதே சொல்லிக் கொடுங்கள்.